பத்துப் பேர் வேண்டும்

கொச்சி மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பாதை கலூர் நேரு விளையாட்டரங்கத்தில் தொடங்கிக் காக்கநாடு இன்ஃபோபார்க் வரை, பதினோரு கிலோமீட்டர் சொச்சம் தூரத்துக்குக் கட்டப்பட்டு வருகிறது. அதன் ஒரு முனையான கலூரில் புனித அந்தோணியார் திருத்தலம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைதோறும் பல மதத்தாரும் வந்து கூடும் இடம் அது. மறுமுனையில், 2023 செப்டம்பர் 10 முதல் 17 வரை, வேறு வகைக் கூட்டம் ஒன்று கூடியது. டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்குகிறவர்களின் ஆண்டு மாநாடான டெப்கான்ஃப் முதன்முறையாக இந்தியாவுக்கு வந்து, இன்ஃபோபார்க் விடுதி ஒன்றில் நடந்தது. 35 நாடுகளிலிருந்து 474 பேர் வந்தார்கள். 89 நிகழ்ச்சிகள் நடந்தன. இரண்டு கூட்டங்களுக்கும் பொதுவான புதிர் ஒன்று உண்டு. ஜெபம் செய்ய வீட்டு மூலை போதும். டெபியன்காரர்களுக்கோ அன்றாட வேலை முழுவதும் மின்னஞ்சலிலும் இணையத்திலும்தான். மாநாட்டு உரைகளையும் அவர்களுடைய தொண்டர் குழுவே படம்பிடித்து நேரலையில் இலவசமாகத் தந்துவிடுகிறது. பிறகு எதற்கு விசாவுக்கு அலைந்து, விமானம் ஏறி வருகிறார்கள்? இது கணினிக்கு வெகுகாலம் முன்பே எழுந்த கேள்வி. உண்மை எழுத்தில் முழுமையாக இருக்கும்போது ஆட்கள் ஏன் ஓரிடத்தில் கூட வேண்டும்? நாமே சோதித்துப் பார்க்க முடியாத இடங்களில் இன்னொருவர் சொல்லை நம்பித்தான் ஆகவேண்டும். அப்படி நம்பப்படுகிறவர் முகம் தெரிந்தவராக இருந்தாக வேண்டும் என்பதே என் விடை. சமயங்கள் இதைச் சட்டமாக்கி வைத்திருக்கின்றன. மென்பொருள் உலகம் பட்டுத் தெரிந்துகொண்டது.

கலூருக்கு மேற்கே காயலைத் தாண்டினால் மட்டாஞ்சேரி. அங்கே யூதத் தெருவின் கோடியில் 1568-இல் கட்டிய பரதேசி யூதர் ஜெபாலயம் நிற்கிறது. தரையெங்கும் நீலமும் வெள்ளையுமாகச் சீனத்து ஓடுகள், மேலே கண்ணாடிச் சரவிளக்குகள், மேற்குச் சுவரின் பேழைக்குள் தோரா சுருள்கள். ஒரு வழிபாட்டுக்கு வேண்டிய பொருள் எதுவும் அங்கே குறைவில்லை. ஆனால் யூத மரபுப்படி, வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் தோராவைச் சபையில் வாசிக்கலாம். இறந்தவருக்காகச் சொல்லும் காதிஷ் ஜெபத்தையும் அப்போதுதான் சொல்லலாம். அந்தப் பத்துப் பேர் கூட்டத்துக்கு மின்யான் என்று பெயர். 1948-இல் இஸ்ரேல் உருவான பின் கொச்சி யூதர்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போனார்கள். எஞ்சிய ஆண்கள் பத்துக்கும் கீழே குறைந்தபோது, வெளியூரிலிருந்து வரும் யூதப் பயணிகளைச் சேர்த்துக்கொண்டால்தான் கணக்கு நிறையும் என்ற நிலை வந்தது. ஒன்பது பேர் இருந்து, அவர்களுக்குச் சுருள் முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தாலும் சட்டம் இளகாது. பத்தாவது ஆள் அறிவாளியாக இருக்கவேண்டும் என்றும் அது கேட்கவில்லை. வந்து நின்றால் போதும்.

இது ஒரு மதத்தின் விநோதம் என்று ஒதுக்கிவிட முடியாது. கேரளக் கரையிலும் காயல்பட்டினத்திலும் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மரபு, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நாற்பது பேர் வேண்டும் என்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை 2002-இல் இணையத்தைப் பற்றி வெளியிட்ட ஆவணத்தில், இணையவழியாகத் திருவருட்சாதனங்கள் கிடையாது என்று தெளிவாகச் சொன்னது. பௌத்த சங்கத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை துறவிகள் கூடி ஒழுக்க விதிகளை ஓத வேண்டும். அது குறித்து விநய நூலில் வரும் செய்தி இங்கே முக்கியமானது. மகாகப்பினர் என்ற துறவி முழுத் தூய்மை அடைந்தவர். கூட்டத்தால் தனக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லையே, போக வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். புத்தர் அவரைத் தேடி வந்து, உம்மைப் போன்றவர்களே அதை மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள் என்று கேட்டு அவரைப் போகச் சொல்கிறார். நம் மெய்கண்டாரின் சிவஞானபோதமும் இதே இடத்தில்தான் முடிகிறது. பன்னிரண்டு சூத்திரங்களில் பதினொன்று முடிவதற்குள் உயிர் மலத்திலிருந்து விடுபடும் வழி பேசப்பட்டுவிடுகிறது. விடுதலை பெற்ற உயிருக்கு இனி என்ன வேலை? கடைசிச் சூத்திரம் அதை அடியாரோடு சேர்ந்து இருக்கச் சொல்கிறது; அவர்கள் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் என்றே தொழச் சொல்கிறது. கூட்டம் என்பது அறியாதவன் அறிந்துகொள்ளப் போகும் பள்ளிக்கூடம் மட்டும்தான் என்றால் இந்த இரண்டு இடங்களுக்கும் பொருளே இல்லை. அறிந்து முடித்தவனையும் அல்லவா அவை கூட்டத்துக்கு அனுப்புகின்றன!

காரணத்தை நம் அளவை நூல்களில் தேடலாம். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், அறிவுக்கு வழியாகப் பலர் பல எண்ணிக்கை சொன்னாலும் எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறது. கண்ணால் காண்பதையும் அதிலிருந்து அனுமானிப்பதையும் ஒருவன் தனியாகவே செய்துகொள்ளலாம். மூன்றாவதான உரைக்கு மட்டும் இன்னொருவர் வேண்டும். நியாய மரபு அவரை ஆப்தர் என்கிறது. விஷயம் அறிந்தவர், அறிந்ததை ஒளிக்காமல் சொல்கிறவர். ஒருவர் சொல்வது சரியா என்று நாமே பார்த்துவிட முடிந்தால் அவர் ஆப்தரா இல்லையா என்ற விசாரணையே தேவையில்லை. பார்க்க முடியாதபோதுதான் கேள்வி சொல்லை விட்டுச் சொன்னவர் பக்கம் திரும்புகிறது. மறுமையைப் பற்றிய சொல் அப்படிப்பட்டது. அதனால்தான் சமயங்கள் நூலோடு நிற்காமல் குரு, சங்கம், சபை என்று ஆட்களைக் கட்டி வைத்தன. ஒருவர் ஒழுக்கத்தை மற்றவர் பார்த்துக்கொண்டே இருக்கும் ஏற்பாடு அது. தூயவரான மகாகப்பினரும் போகவேண்டியிருந்தது இதற்காகத்தான்: அவர் தூயவர் என்பது அவருக்குத் தெரியும், மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

மென்பொருளுக்கு ஆப்தர் எதற்கு, மூலநிரல்தான் திறந்து கிடக்கிறதே என்று கேட்கலாம். 1983-ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்ற கென் தாம்ப்சன், தம் ஏற்புரையில் இதற்குப் பதில் சொன்னார். 1984-இல் அது அச்சில் வந்தது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குள்ளேயே ஒரு திருட்டுக் கதவை வைத்துவிட முடியும். அந்தக் கம்பைலரின் மூலநிரலைப் படித்தாலும் கதவு கண்ணில் படாது என்று அவர் செய்து காட்டினார். முழுவதும் நீங்களே எழுதாத நிரலை, அதைப் படித்துப் பார்த்து மட்டும் நம்பிவிட முடியாது, எழுதியவரை நம்பவேண்டியிருக்கிறது என்பதே அவர் வந்தடைந்த இடம். 1993-இல் தொடங்கிய டெபியன் இதைத் தன் நடைமுறையிலேயே ஏற்றுக்கொண்டது. அதில் உறுப்பினராக விரும்புகிறவரின் மின்கையொப்பச் சாவியை, ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் நேரில் பார்த்து உறுதி செய்திருக்க வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். மாநாடுகளில் இதற்கென்றே ஒரு சடங்கு நடக்கும். முதலில் எல்லோருடைய சாவி விவரங்களும் அடங்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணை ஒருவர் உரக்க வாசிப்பார்; ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள தாளோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார்கள். பிறகு இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். எதிரில் இருப்பவர் பாஸ்போர்ட்டை நீட்டுவார். படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, நாற்பது எழுத்துள்ள சாவி அடையாளத்துக்கு எதிரே பேனாவால் ஒரு குறி போட்டுவிட்டு ஓரடி நகர்ந்து அடுத்தவர் முன்னால் நிற்பார்கள். உலகின் மிகக் கடினமான கணக்குகளின் மேல் நிற்கும் மறையீட்டு நுட்பம், கடைசியில் ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்ப்பதில்தான் ஊன்றி நிற்கிறது.

அந்த ஊன்றுகோல் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று 2024 மார்ச் 29 அன்று உலகம் பார்த்தது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருள் லினக்ஸ் கணினிகளில் எங்கும் இருப்பது. பராமரித்துவந்தது ஏறத்தாழ ஒரே ஆள், அதுவும் சம்பளமில்லாமல். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் அதற்கு உதவ முன்வந்தார். இரண்டாண்டுக்கு மேல் பொறுமையாக, ஒழுங்காக வேலை செய்தார். அவருக்கு அதிகாரம் கொடுக்கச் சொல்லி வேறு சில முகமற்ற பெயர்கள் பராமரிப்பாளரை நச்சரித்தன, அதிகாரமும் கிடைத்தது. பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழிசெய்யும் கள்ளக் கதவை வைத்தார். சோதனைக் கோப்புகள் என்ற பெயரில், மனிதர் படிக்க முடியாத வடிவில் அது ஒளிந்திருந்தது. டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரை வந்துவிட்டது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தம் கணினியில் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவது ஏன் என்று துருவிப் பார்த்ததால் பிடிபட்டது. ஜியா டான் யார், ஒருவரா பலரா என்று பொதுவெளியில் இன்னும் நிறுவப்படவில்லை. எந்தக் கூட்டத்திலும் அவரோடு உட்கார்ந்து பேசியதாகச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

என் வாதத்துக்கு எதிராகத் தமிழர்கள் நல்ல சான்றுகளையே காட்ட முடியும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஒருவரை ஒருவர் பார்த்திராத தொண்டர்கள் பல நாடுகளிலிருந்து தட்டச்சு செய்து பழந்தமிழ் நூல்களை மின்னுருவாக்கிய பணி. டிஸ்கி எழுத்துக் குறியீடும் கடல் கடந்து வாழ்ந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழி விவாதித்து உருவாக்கியதுதான். மாறாக, 1999 பிப்ரவரியில் சென்னையில் நேரில் கூடிய தமிழ்நெட்99 மாநாடு தமிழ்99 விசைப்பலகையைத் தந்தது என்றாலும் குறியீட்டுச் சண்டையை முடித்துவைக்கவில்லை. அரசு டாம், டாப் குறியீடுகளை ஏற்க, டிஸ்கியும் தன் வழியே போனது. ஆகவே கூடினால் ஒற்றுமை வரும், கூடாவிட்டால் வேலை நடக்காது என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் மதுரைத் திட்டம் எப்படிப்பட்ட வேலை என்று பாருங்கள். தட்டச்சு செய்த வரியை அச்சு நூலோடு வைத்து யாரும் ஒப்பிடலாம். பிழை இருந்தால் கண்ணெதிரே தெரியும். அது காண்டலில் அடங்கும் வேலை, ஆப்தர் தேவையில்லை. கோடிக்கணக்கான வரிகள் கொண்ட இயங்குதளத்தை எந்தத் தனியாளும் அப்படி ஒப்பிட்டுவிட முடியாது. கொள்ளைநோய்க் காலமும் இதையே காட்டுகிறது. 2020, 2021 டெப்கான்ஃப் மாநாடுகள் திரையிலேயே நடந்தன. 2021 ஆகஸ்டில் டெபியனின் பதினோராம் பதிப்பும் வெளிவந்தது. வந்தது எப்படி? அதற்கு முன் இருபது ஆண்டுகளாகக் கூடிக் கூடிச் சேர்த்த பழக்கத்தை முதலாகப் போட்டு ஓட்டினார்கள். அதே 2020-இல் யூதர்களில் ஒரு பிரிவினர் காணொளி வழியாகப் பத்துப் பேர் சேரலாம் என்று அவசரத்துக்கு இசைந்தார்கள். வைதிக ரபிகளில் பெரும்பாலோர் மறுத்தார்கள். இசைந்தவர்களும் அதை ஆபத்துக் காலத்து விதிவிலக்கு என்றே சொன்னார்கள்.

நேரில் பார்த்தால் மட்டும் ஏமாறமாட்டோமா என்பது அடுத்த கேள்வி. ஏமாறுவோம். 2006-இல் மெக்சிகோவில் நடந்த டெப்கான்ஃபில், சாவி சரிபார்க்கும் வரிசையில் நின்ற ஒருவர் வேண்டுமென்றே எந்த அரசும் தராத ஓர் அடையாள அட்டையை நீட்டினார். பலர் அதைக் கவனிக்காமலே ஏற்றுக்கொண்டார்கள். போலிச் சாமியார்களை நேரில் தரிசித்து ஏமாந்தவர்கள் நம் ஊரிலும் எண்ணிலடங்கார். ஆனால் மெக்சிகோவில் தோற்றது எது? ஒரு நிமிடத்தில் ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தது. அதுவும் எழுத்தை நம்பியதுதான், முகம் பக்கத்தில் இருந்தது அவ்வளவே. டெப்கான்ஃப் ஒரு வார காலம் நடப்பதற்கும், அதற்கு முன்னால் இன்னொரு வாரம் சேர்ந்து வேலை செய்யும் முகாம் வைப்பதற்கும் காரணம் உண்டு. ஒரே மேசையில் சாப்பிட்டு, நள்ளிரவு வரை ஒரே அறையில் நிரலோடு மல்லாடி, அவரவர் ஊர்த் தின்பண்டத்தைக் கொண்டுவந்து பகிரும் இரவில் உட்கார்ந்து பேசி, கருத்து மோதலில் ஒருவர் கோபப்படுவதையும் மறுநாள் சமாதானமாவதையும் பார்க்கும்போதுதான் ஒருவரைப் பற்றிய தீர்ப்பு உருவாகிறது. தரிசனத்தைக் காட்டிலும் உடனுறைதலைச் சமயங்கள் உயர்வாக வைத்ததும் இதனால்தான். ஏமாற்ற முடியாது என்று இல்லை; ஏமாற்றுவதற்கு ஆகும் செலவு பலமடங்கு கூடிவிடுகிறது.

நம்பிக்கையையே தேவையற்றதாக்கிவிடலாமே என்பது பொறியாளர்களின் கேள்வி. மூலநிரலை யார் எங்கே கட்டினாலும் பிட்டுக்குப் பிட்டு ஒரே விளைவு வரச் செய்துவிட்டால், இடையில் யாரும் கைவைக்கவில்லை என்பதை இயந்திரமே சொல்லிவிடும். டெபியனே இந்த மறுவுருவாக்கத் திட்டத்தில் முன்னோடி. அரிய பணி, உரையில் அடங்கிய ஒரு பகுதியைக் காண்டலுக்கு மாற்றித் தருகிறது. ஆனால் மூலத்தில் இருப்பதுதான் விளைவிலும் இருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். மூலத்தை எழுதியவரின் எண்ணத்தைக் காட்டாது. இன்னொன்றும் உண்டு: டெபியனில் அந்தத் திட்டம் சூடுபிடித்தது 2013-இல் சுவிட்சர்லாந்தில் நடந்த டெப்கான்ஃபில், ஓர் அறையில் சிலர் உட்கார்ந்து பேசிய பேச்சிலிருந்து. மனிதர்மேல் வைக்கும் நம்பிக்கையைக் குறைக்கும் வேலையையும் நம்பிக்கையுள்ள மனிதர்கள் கூடித்தான் தொடங்கவேண்டியிருந்தது.

எல்லாப் பெரிய மாநாட்டையும் இந்த வாதத்தால் காப்பாற்ற நான் முயலவில்லை. பெருநிறுவனங்கள் தங்கள் புதுச் சரக்கை அறிமுகப்படுத்தும் விழாக்களில் பேசுகிறவர் ஒருவர், கைதட்டுகிறவர் ஆயிரம் பேர். ஆப்பிள் நிறுவனம் தன் டெவலப்பர் மாநாட்டை 2020-இல் திரைக்கு மாற்றியது. அதன் பிறகும் உரைகளைப் பெரும்பாலும் காணொளியாகவே தருகிறது, பெரிய நஷ்டம் யாருக்கும் இல்லை. ஒருவழிப் பிரசங்கத்துக்குத் திரை தாராளமாகப் போதும். எதிர்த்துக் கேட்க வழியுள்ள கூட்டத்துக்குத்தான் ஆள் வேண்டும். கொச்சிக்குப் பக்கத்து ஆலுவாவில், 1924 சிவராத்திரியை ஒட்டி ஸ்ரீ நாராயண குரு தம் அத்வைத ஆசிரமத்தில் சர்வமத மாநாட்டைக் கூட்டினார். வாதாடி வெல்வதற்காகக் கூடவில்லை, அறிந்துகொள்ளவும் அறியச் செய்யவுமே கூடுகிறோம் என்பது அதன் அறிவிப்பு. ஒரு டெவலப்பர் மாநாட்டை எடைபோட இதைவிட நல்ல தராசு கிடையாது: மேடையை விட்டு இறங்கிய பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான குற்றச்சாட்டை இறுதியாக வைக்கிறேன். கூடுவதே நம்பிக்கையின் அடிப்படை என்றால், கூட முடியாதவர் நம்பத் தகாதவர் ஆகிவிடுவாரே? விசா கிடைக்காதவர், டிக்கெட்டுக்குப் பணமில்லாதவர், கைக்குழந்தையை விட்டு வர முடியாத தாய், சக்கர நாற்காலியில் இருப்பவர், பெயரை வெளியிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற நாட்டில் வாழ்கிறவர் எல்லோரும் வெளியேதான் நிற்கவேண்டும். சமயங்களின் கணக்கே இதற்குச் சாட்சி. மட்டாஞ்சேரி மரபு கேட்ட பத்துப் பேரில் பெண்ணுக்கு இடமில்லை; நாற்பதிலும் இல்லை. ஜெபாலயம் ஆளில்லாமல் போனபோதும் அங்கே வாழ்ந்த பெண்கள் எண்ணிக்கையில் சேரவில்லை. இந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் அது குறைசொல்வது கூடுவதையா, யாரை எண்ணுவது என்ற விதியையா? விதி மாறக்கூடியது, யூதர்களிலேயே பல பிரிவுகள் பெண்களையும் சேர்த்து எண்ணத் தொடங்கிவிட்டன. டெப்கான்ஃப், வர விரும்பி வசதியில்லாதவர்களுக்குப் பயணம், தங்குமிடம், உணவு மூன்றுக்கும் உதவித்தொகை தருகிறது. ஆண்டுக்கொரு நாடாக இடம் மாற்றுகிறது. கொச்சிக்கு முந்தைய ஆண்டு கொசோவோவின் பிரிஸ்ரென், அடுத்த ஆண்டு கொரியாவின் புசான். எல்லோரும் வர இயலாத கூட்டம் அநீதியானது என்றால், அதற்கு மருந்து இன்னும் பல ஊர்களில் இன்னும் பலரைக் கூட்டுவது. கதவைச் சாத்திவிட்டு எல்லோரையும் சமமாக முகமற்றவர்கள் ஆக்குவதால் ஜியா டான்களுக்கே வசதி.

கூடுவதற்கு இன்னொரு விலையும் உண்டு. கொச்சி மாநாட்டின் சுற்றுலா நாளான செப்டம்பர் 13 அன்று, கேரளத்தைச் சேர்ந்த இளம் டெபியன் உறுப்பினர் ஒருவர் படகுப் பயணத்தின்போது நீரில் மூழ்கி இறந்தார். நிகழ்ச்சி நிரல் மாற்றப்பட்டது. பல நாட்டவர்கள் அவருக்கு அஞ்சலி செலுத்தினார்கள். திரையில் கூடியிருந்தால் இப்படி நேர்ந்திருக்காது என்று ஒருவர் சொன்னால் அதற்குப் பதில் என்னிடம் இல்லை. உடலோடு வருகிறவர்கள் உடலுக்குரிய ஆபத்தையும் சுமந்துதான் வருகிறார்கள். அதனாலேயே, கூட்டத்தை அழைக்கிறவர்களுக்குப் பொறுப்பு அதிகம், வந்தவர்கள் ஒருவருக்கொருவர் பட்டிருக்கும் கடனும் அதிகம்.

தமிழ்நாட்டில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள்களில் பல, எங்கோ தனியாக உட்கார்ந்திருக்கும் ஓரிருவர் தோளில் நிற்கின்றன. மாநாடு நடத்துகிறவர்கள் மேடைக்கும் பைக்கும் சட்டைக்கும் செலவுக் கணக்கு எழுதும் முன், வர முடியாதவரின் பயணச் செலவை முதல் வரியாக எழுதட்டும். நிறுவனங்கள் ஊழியருக்கு அதற்கான விடுப்பைச் சம்பளத்தோடு தரட்டும். உரைகளை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: உரைகளை அப்படியே பாருங்கள், தப்பில்லை. ஆண்டுக்கு ஒரு கூட்டத்துக்காவது போய், உங்கள் நிரலை நம்புகிறவர்கள் முன்னால் நின்று அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லிவிட்டு வாருங்கள்.